ஓம்புயிர்: திமிங்கலம்

பதிவு எண் 4417 இருபத்திரண்டு வருடமாக அருங்காட்சியகத்தின் மூன்றாவது அலமாரி அடித்தட்டில் ஒரு ஜாடிக்குள் கிடந்தது. ஒரு சாண் நீள மீன், சாம்பல் நிறம், தலையின் மேல் செருப்பின் அடிப்பாகம் போல வரிவரியாக ஒரு தட்டு. அதைக் கேட்டு யாரும் வந்ததில்லை. 2054 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் ஏழு கடிதங்கள் வந்தன.

பதிவாளர் பிரிஜித்தா ஏழையும் அச்செடுத்துக் காப்பாளர் கோலப்பனின் மேசையில் வைத்தாள்.

"எல்லாவனுக்கும் இது ஒண்ணுதான் வேணுமா?" என்றார் கோலப்பன். "நம்மகிட்ட ஆயிரத்து அறுநூறு ஜாடி கெடக்கு. ஒட்டுமீனே பதினாலு உண்டு."

"மத்ததெல்லாம் பார்மலின்ல இருக்கு சார். பார்மலின்ல காதுக்கல் கரைஞ்சு போயிரும். இது மட்டும் ஸ்பிரிட்டுல இருக்கு."

கோலப்பன் கடிதங்களைப் புரட்டினார். "இந்த மீன் கெடச்ச வாரம் பார்மலின் வரல. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில போய் கெஞ்சி ஒரு பாட்டில் ஸ்பிரிட்டு வாங்கி ஊத்தினேன்." கடிதங்களைத் திருப்பி வைத்து, "நல்லதுக்குத்தான்னு நெனச்சேன்" என்றார்.

இருவருக்கும் அந்த ஜாடியின் கதை தெரியும். பதிவேட்டில் அதன் வரிசை கோலப்பனின் கையெழுத்தில் இருந்தது. இனம்: திமிங்கல ஒட்டுமீன். எண்ணிக்கை: ஒன்று. தேதி: 11.11.2031. சேகரித்தவர்: பனியடிமை, சிராங்கு, விசைப்படகு 'விண்ணரசி', மாதாத்துறை. ஓம்புயிர்: திமிங்கலம். குறிப்பு என்ற கட்டம் காலி.

ஓம்புயிர் என்றால் மீன் எந்த உயிரின் மேல் ஒட்டியிருந்ததோ அது. அந்த ஒற்றைச் சொல்லை வைத்து ஒரு விசாரணை முடிந்திருந்தது.

விண்ணரசி ஒன்பது பேருடன் போன ஆழ்கடல் படகு. நவம்பர் எட்டாம் தேதி, சனிக்கிழமை காலை கவிழ்ந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் படகின் தலைவரான சிராங்கு பனியடிமை மட்டும் கையில் ஒரு மீனைப் பிடித்தபடி கரைக்கு வந்தார். அடியிலிருந்து ஏதோ ஒன்று எழும்பிப் படகைத் தூக்கியது என்றார். ஒரே நிமிடத்தில் படகு மூழ்கியது, எட்டுப் பேரும் அதோடு போனார்கள், தான் மட்டும் ஒரு பலகையைப் பிடித்து மிதந்தேன் என்றார். ஊர் நம்பவில்லை. அந்தப் பக்கம் போன ஒரு சரக்குக் கப்பலின் முகப்பில் கீறல் இருந்ததாகப் பேச்சு. கப்பல்காரர்கள் சிராங்குக்குப் பணம் கொடுத்துத் திமிங்கலம் என்று சொல்லவைத்தார்கள் என்று ஊர் முடிவு செய்தது. விசாரணை அதிகாரி அருங்காட்சியகத்தின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். திமிங்கலத்தின் மேல் மட்டுமே வாழும் மீன். ஓம்புயிர்: திமிங்கலம். கோப்பை மூடினார். ஏற்கெனவே நிறுத்தியிருந்த தேடுதலைப் பிறகு யாரும் தொடங்கவில்லை. மூழ்கிவிட்ட படகை எங்கே போய்த் தேடுவது?

செத்த எட்டுப் பேரில் ஒருவர் படகின் எஞ்சின் டிரைவர். பிரிஜித்தாவின் அப்பா சிலுவை. அவளுக்கு அப்போது பதினொரு வயது.

*

ஏழு கடிதங்களில் ஒன்றை எழுதி, காதுக்கல்லைப் படிக்கும் கருவியோடு வந்தவள் பல்கீஸ். காயல்பட்டினத்துக்காரி, கொச்சியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. இரண்டு பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினாள். மேசை துடைக்கத் துணி கேட்டாள். பிறகு கோலப்பனுக்கு விளக்கினாள்.

"மீனோட காதுல ஒரு சின்னக் கல் இருக்கும் சார். மரத்துல வருஷத்துக்கு ஒரு வளையம் மாதிரி, இதுல நாளைக்கு ஒரு வளையம். அது தெரிஞ்ச விஷயம்தான். புதுசு என்னன்னா, கல் வளர்றப்ப சத்தமும் அதுல பதியுது. சாதாரண மீன்ல பதியறது வெறும் இரைச்சல். ஒட்டுமீன் அப்படி இல்ல. அது தலையால ஒட்டுது, காது தலையில இருக்கு. தண்டவாளத்துல காதை வச்சா தூரத்துல வர்ற ரயில் கேக்கும்ல, அது மாதிரி. எது மேல ஒட்டியிருக்கோ அதோட சத்தம் நேரா கல்லுக்குப் போகும்."

"திமிங்கலம் பாடுறது கேக்குமா?"

"பாட்டு, மூச்சு, வயித்துச் சத்தம்கூட. இப்ப திமிங்கலம் எங்க இருக்கு சார்? பழைய ஜாடிதான் மிச்சம். அதான் இத்தனை கடிதம்."

"படிச்ச பிறகு கல்லு?"

"தூளாயிரும். ஒவ்வொரு வளையமா சுரண்டித்தான் படிக்கணும். ரெண்டு கல்லையும் சேர்த்துப் படிச்சாத்தான் தெளிவா வரும். ஒரே தடவை."

பிரிஜித்தா விதிமுறைத் தாளை நீட்டினாள். சேகரித்தவர் உயிரோடிருந்தால் அவருடைய கையெழுத்து வேண்டும். மனிதச் சாவு சம்பந்தப்பட்டதாக இருந்தால் அறிக்கை முதலில் பதிவாளரிடம் வரும். பதினைந்து நாளுக்குள் பதிவேட்டோடு ஒப்பிட்டு அவர் ஒப்பமிட்ட பிறகே பொதுவில் போகும். இப்படி ஒரு விதி வரக் காரணம் உண்டு. முந்திய வருடம் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு கல்லைப் படித்தபோது கடற்படைச் சோதனை ஒன்று வெளியே வந்து, மூன்று பேர் வேலையிழந்தார்கள்.

"பதிவாளரோட அப்பாவே செத்தவர்ல ஒருத்தர்" என்றார் கோலப்பன். "வேற ஆளைப் போடலாமான்னு கேட்டு எழுதினேன். வேற பதிவாளரே மாவட்டத்துல கெடையாதுன்னு பதில் வந்தது."

"நானே பாக்கிறேன் சார்" என்றாள் பிரிஜித்தா.

*

பனியடிமை வேர்க்கிளம்பிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார். ஷீட் அடிக்கும் கொட்டகையில் வேலை, அதன் பின்னால் ஒரு அறை. மாதாத்துறையில் அவர் வீட்டு ஓடுகளைக் கல்லெறிந்து உடைத்த மூன்றாம் மாதம் வந்தவர். கடலுக்கு மறுபடி போகவில்லை. அவரைச் சேர்த்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை.

கொடியில் பால்நிற ஷீட்டுகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையை லுங்கியில் துடைத்தார்.

"சிலுவைக்க மோளு தானே? அதே நெத்தி."

அவள் சிறுவயதில் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். தாளை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் தாளைப் படிக்கவில்லை.

"எல்லாம் கேக்குமா அதுல?"

"ஒட்டியிருந்த எடத்துச் சத்தம் எல்லாம் கேக்கும்."

"கடைசி வரைக்குமா?"

"மீன் சாகுற வரைக்கும். சம்மதம் இல்லைன்னா சொல்லலாம். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது."

"பேனா கொண்டா" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஷீட்டுகளிடம் போனார். "டீ குடிக்கியா?" என்று முதுகைக் காட்டியபடி கேட்டார். அவள் வேண்டாம் என்று கிளம்பினாள். கொட்டகையின் புகை நாற்றம் பஸ்ஸில் வீடு வரை அவள் சேலையில் இருந்தது.

வீட்டில் அம்மா விரோணிக்காள் சாளை மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஒப்பு போட்டானா அந்த ஆளு?"

"போட்டாரு."

"போடமாட்டான்னுல்லா நெனச்சேன். தைரியம்தான் களவாணிக்கு." ஒரு சாளையின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "கப்பல்னு வரும் பாரு. கமிட்டியில பேசியாச்சு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அறிக்கையை சாமியாரு மைக்குல வாசிப்பாரு. எட்டு வீட்டுக்காரங்களும் முன்வரிசையில இருக்கணும்."

"திமிங்கலம்னு வந்தா?"

"வரட்டு. வந்தா அந்த ஆளுகிட்ட நானே போய் மன்னிப்பு கேக்கேன். இருவத்திரெண்டு வருஷம் சாபம் போட்டிருக்கேன்லா." கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "கப்பலோ திமிங்கலமோ, ஒங்க அப்பா ஒரு நிமிஷத்துல போயிட்டாரு. கெடந்து துடிக்கல. அதொண்ணை வச்சுத்தான் நான் இத்தற நாளும் உறங்கினேன்."

*

படிக்க மூன்று நாளாயிற்று. மூன்றாம் நாள் மதியம் பல்கீஸ் இருவரையும் கூப்பிட்டாள். திரையில் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடு போட்டிருந்தன.

"நூத்திப் பதினாறு நாள் கெடச்சிருக்கு. முதல் நூத்திப் பன்னெண்டு நாள் சந்தேகமே இல்ல, திமிங்கலம்." ஒலியைக் கூட்டினாள். கனமான, நீண்ட ஒரு முனகல். அறையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. "நவம்பர் எட்டு காலை. இதைக் கேளுங்க."

ஒரு எஞ்சின் சத்தம் மெல்ல நெருங்கியது. ஒரு பெரிய மோதல். பிறகு எஞ்சின் இல்லை, முனகலும் இல்லை.

"இந்த எஞ்சின் சின்னது. படகோடது. கப்பல் எஞ்சின் இப்படி இருக்காது" என்றாள். "நூறு மைல் சுத்துல கப்பலே இல்ல."

கோலப்பன் மூச்சை விட்டார். "அப்போ அந்த ஆளு சொன்னது உண்மை. நான் எழுதினதும் சரி."

பல்கீஸ் பிரிஜித்தாவைப் பார்த்தாள். "இன்னும் நாலு வளையம் இருக்கு. மோதினதும் மீன் திமிங்கலத்தை விட்டுட்டு வேற எதுலயோ ஒட்டியிருக்கு. பெரிசா, உள்ள காலியா ஒண்ணு. மரம். அலை அதுல மோதுற சத்தம் கேக்குது. கவிழ்ந்த படகோட அடிப்பக்கம்னு நெனைக்கிறேன். அது மூழ்கல. செவ்வாய்க்கிழமை வரைக்கும் மிதந்திருக்கு."

"அப்போ?" என்றார் கோலப்பன்.

"நீங்க உக்காருங்க, பிரிஜித்தா."

அவள் உட்காரவில்லை. பல்கீஸ் ஒலியை ஓடவிட்டாள். தண்ணீர்ச் சத்தம். அதற்குள் தட்டும் சத்தம். பல கைகள், ஒழுங்கில்லாமல், ஒரே நேரத்தில். பலகையை உள்ளேயிருந்து தட்டுகிறார்கள்.

"சனிக்கிழமை ஏழெட்டு எடத்துலேருந்து. ஞாயித்துக்கிழமை மூணு. இதெல்லாம் மந்தமான சத்தம், கை, இல்ல கட்டை. திங்கக்கிழமைல இருந்து ஒண்ணே ஒண்ணு. அது மட்டும் கூர்மையா இருக்கு. இரும்பு." பல்கீஸ் ஒலியைக் குறைத்தாள். "செவ்வாய்க்கிழமை காலைல மீனைப் பறிச்சிருக்காங்க. அந்த நிமிஷம் வரைக்கும் அது இருக்கு."

எஞ்சின் அறையில்தான் இரும்புச் சாமான்கள் இருக்கும். அங்கே வேலை செய்தவர் ஒரே ஒருவர். பிரிஜித்தா இதை அறையில் யாரிடமும் சொல்லவில்லை.

கோலப்பன் பதிவேட்டைத் திறந்து தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணைக்கு நாலு மணிக்கு நான் போனேன். ஆசுபத்திரிக் கட்டில்ல கெடந்தாரு. மீனை வாங்கினேன். பாத்த உடனே இனம் தெரிஞ்சு போச்சு. இந்த மீன்னா ஓம்புயிர் திமிங்கலம்தானே, புத்தகத்துல அப்படித்தானே இருக்கு? பதினாலு ஜாடிக்கும் அப்படித்தான் எழுதியிருக்கேன். ஒருத்தன்கிட்டயும் கேட்டதில்ல. எங்கேருந்து பறிச்சீருன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா..." பதிவேட்டை மூடினார். "நாலு மணி. வெளிச்சம் இருந்தது."

அவர் எழுந்து வெளியே போனார்.

பல்கீஸ் கருவியைத் துடைத்தபடி, கண்ணை உயர்த்தாமல் பேசினாள். "கல் இப்ப தூள். இன்னொருத்தர் படிச்சு சரிபார்க்க முடியாது. கடைசி நாலு வளையம் சேதம்னு எழுத ஒரு கட்டம் இருக்கு. பதிவாளர் டிக் பண்ணினா நான் கேக்க மாட்டேன், அந்தப் பதிவையும் அழிச்சிருவேன். நெறையப் பேரு செய்யறாங்க. கவர்மெண்டுக்காக, கம்பெனிக்காகச் செய்யறாங்க. எட்டு வீட்டுக்காகச் செஞ்சா என்ன?"

"டிக் பண்ணினா அறிக்கை என்ன சொல்லும்?"

"திமிங்கலம் மோதினது. அதோட முடிஞ்சது."

அப்படியென்றால் பனியடிமை மேல் இருந்த பழி நீங்கிவிடும். அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்பாள். எட்டு வீடும் ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு உறங்கும். பொய் என்று பார்த்தால் ஒரே ஒரு டிக். பிரிஜித்தா பதினோரு வருட வேலையில் பதிவேட்டில் தெரிந்தே ஒரு தவறு எழுதியதில்லை. அது ஒரு பெரிய விஷயமாகவும் அவளுக்கு இப்போது தோன்றவில்லை.

ஒரு சந்தேகம்தான் இருந்தது. படகு மிதந்தது பனியடிமைக்குத் தெரியும், அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார். தட்டும் சத்தமும் கேட்டிருக்கும். சத்தம் நின்றுவிட்டது என்று நம்பித்தான் விட்டுவிட்டு வந்திருப்பார். அலையில் காது கேட்டிருக்காது. நிற்கவில்லை என்று இப்போது தெரிந்தால் அந்த மனிதன் என்ன ஆவான்?

வெள்ளிக்கிழமை காலை மறுபடி பஸ் ஏறினாள். கட்டத்தில் டிக் போட்ட அறிக்கை பையில் இருந்தது. ஒப்பு மட்டும் இடவில்லை.

*

அவர் அறையில் ஒரே நாற்காலி. அவளை அதில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஷீட் அடிக்கும் இயந்திரம் நின்றிருந்தது.

"படிச்சாச்சு" என்றாள். "நீங்க சொன்னதுதான் சரி. திமிங்கலம். கப்பல் இல்ல. ஞாயித்துக்கிழமை பள்ளியில பூசை முடிஞ்சு வாசிப்பாங்க. அம்மா உங்களைப் பாக்க வருவா."

அவர் தலையாட்டினார். அதற்காகக் காத்திருந்தவர் போல அவர் முகம் இல்லை.

"பெறவு?"

"பெறவு படகு கொஞ்ச நேரம் மிதந்திருக்கு. உள்ள தட்டுற சத்தம் கேக்குது. அதை அறிக்கையில போடல." அவள் ஒரே வேகத்தில் சொன்னாள். "திங்கக்கிழமை நின்னு போச்சு. நீங்க கெளம்புறதுக்கு ஒரு நாள் முன்னாடியே. செவ்வாய்க்கிழமை ஒண்ணும் இல்ல. நீங்க விட்டுட்டு வந்தது வெறும் படகைத்தான்."

பனியடிமை கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்தார்.

"அப்பம் ஒங்க மெஷினு சரியில்ல மோளே" என்றார்.

தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரு சின்ன வள்ளத்துல வந்தினும். எல்லை தாண்டி மீன்பிடிக்க வந்தவிய. போலீசுக்குப் பேடிச்சு என்னைக் கரையில எறக்கிவிட்ட கையோட போயிட்டினும். அவியளுக்க எஞ்சின் ஓடிட்டு இருந்துது, அதனால அவியளுக்கு ஒண்ணும் கேக்கல. கயிறு எறிஞ்சினும். நான் கயித்தைப் பிடிக்கும்போ காலுக்கடியில தட்டுச்சு. மூணு தட்டு. பெறவு மூணு தட்டு. நான் கயித்தை விடல."

"ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா நிப்பினும். ஓட்டை போட்டா உள்ள இருக்க காத்து போயிரும், படகு தாந்திரும். போடலன்னா ஒண்ணும் செய்ய முடியாது. சும்மா நிக்கணும். கரைக்குப் போனா ஆளு கூட்டிட்டு வரலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." உள்ளங்கையைத் தேய்த்தார். "அதொண்ணும் காரணம் இல்ல. மூணு நாளு அந்தச் சத்தத்துக்கு மேல குத்த வச்சு இருந்தேன். ஒவ்வொண்ணா கொறயும். கொறயும்போ மாதாவே நன்றின்னு சொன்னேன். அப்படி ஆயிட்டேன். இன்னும் ஒரு நிமிசம் அங்க இருக்க எனக்கு வய்யாம போச்சு."

"கரையில சொல்லியிருக்கலாம்."

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். கரை வந்து சேர எட்டு மணிக்கூரு ஆயிருந்துது. முதல்ல ஓடி வந்தது ஒனக்க அம்மா. 'அவரு கஷ்டப்பட்டாரா?'ன்னு கேட்டா. எனக்க சட்டையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டா. 'இல்ல, ஒரு நிமிஷம்'னு வாயில வந்துட்டு. அவ அந்த மணல்ல முட்டு போட்டு மாதாவுக்கு நன்றி சொன்னா. சுத்தி நின்ன அம்புட்டு பேரும் கேட்டுட்டினும். போலீசுக்காரன் அதையே எழுதினான். பெறவு எப்படி மாத்திச் சொல்லுவேன்? இவ கிட்ட போய், இல்ல, இப்பவும் தட்டிட்டு இருப்பாருன்னு சொல்லணும்லா?"

"எப்பவாவது சொல்ல நெனச்சீங்களா?"

"சாயங்காலம் ஒங்க சாரு வந்தாரு. படிச்ச ஆளு, ஊர்க்காரன் இல்ல. இவரு கேட்டா சொல்லிருவோம்னு இருந்தேன். எங்கேருந்து பறிச்சேன்னு மட்டும் கேட்டாப் போதும். மீனைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நல்ல மீனுன்னு சொன்னாரு. போயிட்டாரு." லுங்கியைச் சரிசெய்தார். "மறுநாளு விடிஞ்சதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு, இனி சொல்லி ஒண்ணும் இல்லன்னு. ஊருல கல்லெறிஞ்சினும். அது எனக்கு லேசா இருந்துது. கப்பல்காரன்கிட்ட கைநீட்டினவன்னு சொன்னா சொல்லட்டு. அதைவிட மோசமானது அவியளுக்குத் தெரியாது."

பிரிஜித்தாவுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. பேருந்தில் வரும்போது இந்த மனிதனுக்காக ஒரு பொய்யைத் தயார் செய்தது நினைவுக்கு வந்தது. முட்டாள்தனமாக இருந்தது.

"அப்ப எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க? வேண்டாம்னு சொல்லியிருந்தா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"நான் செத்தா அவரு தட்டினது ஒருத்தருக்கும் தெரியாமப் போயிருமே. மூணு நாளு கைவிடாம தட்டினாரு. ஆளு வரும்னு நம்பித் தட்டினாரு. அதை ஒரு எடத்துல எழுதி வைக்க வேண்டாமா?"

"எழுதினா ஞாயித்துக்கிழமை மைக்குல வாசிப்பாங்க. எட்டு வீடும் கேக்கும். அம்மா கேப்பா."

"கேக்கட்டு."

"உங்க மேல கேஸ் போடலாம். வெட்டவும் வருவாங்க."

"எனக்கு அறுவத்தஞ்சு வயசு. வரச் சொல்லு." பிறகு, முதல்தடவையாக அவர் குரல் இறங்கியது. "ஒனக்கு வேண்டாம்னா வேண்டாம். ஒனக்க அப்பாவாக்கும். ஒனக்க அம்மாவாக்கும். நீ சொன்னா நான் வாய மூடிக்கிடுவேன். இருவத்திரெண்டு வருஷம் மூடினவன்தானே."

மழை விட்டிருந்தது. வெளியே யாரோ இயந்திரத்தை ஓட்டினார்கள், இரண்டு உருளைகளுக்கு நடுவே ஷீட் நசுங்கும் சத்தம் வந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமையை யோசித்தாள். முன்வரிசை. ஒலிபெருக்கி. அம்மாவுக்கு அறுபது வயது. அம்மா இனி உறங்குவாளா என்று யோசித்தாள். உறங்கமாட்டாள். ஒரு டிக் போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் இருபது வருடம் தானும் உட்கார்ந்திருக்க முடியுமா என்றும் யோசித்தாள். இந்தக் கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் அதைத்தான் செய்திருந்தார். பார்க்க எப்படி இருக்கிறார் என்று எதிரிலேயே தெரிந்தது.

பையிலிருந்து அறிக்கையை எடுத்தாள். டிக் போட்ட தாளை உருவி இரண்டாகக் கிழித்துப் பைக்குள்ளேயே போட்டாள். அதன் பின்னால் புதிய படிவம் இருந்தது. மேலே 4417 என்று எழுதினாள். முழங்காலில் பையை வைத்து அதன் மேல் தாளைச் சரிசெய்தாள்.

"ஓம்புயிர், கவிழ்ந்த படகின் அடிப்பகுதி. எட்டாம் தேதியிலேருந்து பதினொண்ணு வரைக்கும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். "குறிப்புல உங்க வாக்குமூலம். மெதுவாச் சொல்லுங்க. உங்க வார்த்தையிலேயே எழுதுறேன்."

அவர் சொன்னார். சனிக்கிழமை சொன்னார், ஞாயிற்றுக்கிழமை சொன்னார். எந்தச் சத்தம் எப்போது நின்றது என்று அவருக்கு நினைவிருந்தது. சிலருடைய தட்டை அவருக்கு அடையாளம் தெரிந்திருந்தது, அந்தப் பெயர்களையும் சொன்னார். அவள் எழுதினாள். எழுத்துக் கொஞ்சமும் கோணவில்லை.

"திங்கக்கிழமையிலேருந்து ஒண்ணுதான். இரும்பு. பெரிய ஸ்பேனரு, முப்பத்திரெண்டாம் நம்பரு. எஞ்சின் ரூமுல மாட்டியிருக்கும்."

"தட்டினது யாரு?"

அவர் நிறுத்தினார். "மோளே, அதையும் எழுதணுமா?"

"எழுதணும்."

"சிலுவை."

"முழுப் பெயர்."

"சூசை மரியசிலுவை."

"வயசு?"

பனியடிமைக்குத் தெரியவில்லை. விரல்களை மடக்கிப் பார்த்தார். அவள் காத்திருக்கவில்லை. முப்பத்தொன்பது என்று தானே எழுதிக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை காலையிலேருந்து சொல்லுங்க மாமா" என்றாள்.